‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில் புது போன்: கான்ட்ராக்ட் இல்லாத நாட்டில் நாம் எதற்குக் கையெழுத்து போடுகிறோம்?

2025 செப்டம்பர் 19. ஐபோன் 17 விற்பனைக்கு வந்த நாள். மும்பை பிகேசியில் ஆப்பிள் கடை வாசலில் விடியும் முன்பே கூட்டம். ஒரு கட்டத்தில் தள்ளுமுள்ளு ஆகி, பாதுகாவலர்கள் உள்ளே புக வேண்டியதாயிற்று. டெல்லி, பெங்களூரு, புனேவிலும் வரிசை. சென்னையில் அந்த மாதிரி வரிசை இல்லை. காரணம் எளிது, அன்றைய தேதியில் ஆப்பிள் நேரடியாக நடத்தும் கடைகள் இந்தியாவில் நான்குதான். அதில் சென்னை கிடையாது. போன் அசெம்பிள் ஆகும் சுங்குவார்சத்திரம் சென்னையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். வாங்க வேண்டும் என்றால் ஏஜென்சி கடை, பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஷோரூம், இல்லை ஆன்லைன்.

அந்த ஷோரூம்களின் வாசல் பேனரை ஒரு நிமிடம் கவனித்தால் ஒன்று தெரியும். போனின் விலை சிறிய எழுத்தில், அதுவும் நட்சத்திரக் குறியோடு. பெரிய எழுத்தில் இருப்பது ‘மாதம் வெறும்’ என்று தொடங்கும் ஒரு தொகை. இந்தியாவில் போன் விலை என்பது இப்போது ஓர் எண் இல்லை. எம்ஆர்பி ஒன்று, கார்டு ஆஃபர் போக ஒன்று, பழைய போனை எக்ஸ்சேஞ்ச் செய்தால் ஒன்று, மாதத் தவணையில் ஒன்று. நான்கு எண்களில் எது உண்மையான விலை என்று கேட்டால், கடையில் நிற்கும் பையனுக்கே பல நேரம் தெரியாது.

புது போன் வரும்போதெல்லாம் நம்ம ஆட்கள் கேட்பவை மூன்றே கேள்விகள். “இங்கயே செய்றாங்களே, ஏன் விலை குறையல?” “அமெரிக்கால ஃப்ரீயா தர்றாங்களாமே, இங்க ஏன் இல்ல?” “வட்டியே இல்லாத இஎம்ஐ-ன்னா, அப்போ பேங்குக்கு என்ன லாபம்?” மூன்றுமே நியாயமான கேள்விகள். மூன்றாவது கேள்விக்குத்தான் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

சுங்குவார்சத்திரம் போன், சுங்குவார்சத்திரம் விலை இல்லையே?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஐபோன் 17-ன் (256 ஜிபி) இந்திய விலை 82,900 ரூபாய். அமெரிக்காவில் 799 டாலரில் ஆரம்பம். அன்றைக்கு ஒரு டாலர் சுமார் 88 ரூபாய். பெருக்கினால் 70,300 ரூபாய் வருகிறது. 12,600 ரூபாய் வித்தியாசம். ‘பார்த்தீங்களா, ஏமாத்துறாங்க’ என்று இங்கேதான் எல்லா வாட்ஸ்அப் ஃபார்வர்டும் முடிந்துவிடும்.

ஆனால் 799 டாலர் என்பது வரி சேராத விலை. அமெரிக்காவில் விற்பனை வரியை பில் போடும்போதுதான், மாநிலத்துக்கு மாநிலம் வேறு விகிதத்தில் சேர்ப்பார்கள். நம் 82,900-க்குள் 18% ஜிஎஸ்டி ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கழித்தால் மிஞ்சுவது 70,254 ரூபாய். அதாவது வரிக்கு முந்தைய விலை அங்கேயும் இங்கேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த 12,600 ரூபாயும் போவது கலிஃபோர்னியாவுக்கு இல்லை, மத்திய, மாநில அரசுகளின் கஜானாவுக்கு.

ப்ரோ மாடலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. 17 ப்ரோ இங்கே 1,34,900 ரூபாய். ஜிஎஸ்டியைக் கழித்தால் 1,14,322. அமெரிக்க விலை 1,099 டாலர், அதாவது சுமார் 96,700 ரூபாய். வரி போகவே 17,600 ரூபாய் அதிகம். நான்கு மாடல்களும் தொடக்கத்திலிருந்தே இந்தியாவில் அசெம்பிள் ஆவதாகச் செய்திகள் வந்த ஆண்டில் இந்த இடைவெளி. சாதா மாடலை வாங்குபவர் விலை பார்த்து வாங்குவார், ப்ரோ வாங்குபவர் பார்க்க மாட்டார் என்று நிறுவனம் நினைக்கிறது போல. தப்பான கணக்கு என்றும் சொல்ல முடியாது, விற்கத்தானே செய்கிறது!

சரி, உள்ளூரில் செய்தால் விலை குறைய வேண்டாமா? நம்மூரில் நடப்பது பெரும்பாலும் அசெம்பிளி. சிப், டிஸ்ப்ளே, கேமரா மாதிரியான விலை கூடிய பாகங்கள் வெளியிலிருந்து வருகின்றன. கன்வேயர் பெல்ட் அருகே நின்று பொருத்தும் பெண்களின் கூலி, மொத்தச் செலவில் சின்னத் துண்டு. (அந்தப் பெண்களில் ஒருவர் தான் பொருத்தும் போனை வாங்க நினைத்தால் பல மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) உள்ளூர் உற்பத்திக்கு அரசு தரும் ஊக்கத்தொகை உற்பத்தியாளருக்குப் போகிறது, வாங்குபவரின் பில்லில் அது தெரியாது. இறக்குமதி வரியும் அப்படித்தான். 2024 ஜூலை பட்ஜெட்டில் போன்களுக்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தது. உள்ளூரில் அசெம்பிள் ஆகும் போனுக்கு அந்தக் குறைப்பால் நேரடிப் பலன் கிடையாது.

இன்னொன்று, இங்கே செய்வதெல்லாம் இங்கே விற்பதற்கு இல்லை. 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் அமெரிக்கா இறக்குமதி செய்த ஸ்மார்ட்போன்களில் 44 சதவீதம் இந்தியாவில் அசெம்பிள் ஆனவை என்று கானலிஸ் ஆய்வு நிறுவனம் சொன்னது. அந்தக் காலாண்டில் சீனாவையே தாண்டிவிட்டோம். ஆக, நம்மூர் ஃபேக்டரி ஓடுவது முதலில் அவர்கள் கடைக்காக.

விலையில் உண்மையாகவே அரசு கை வைக்கக்கூடிய இடம் ஜிஎஸ்டி. 2020 ஏப்ரல் 1 வரை போனுக்கு 12%தான் இருந்தது, அன்றிலிருந்து 18%. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது பெரிய டிவி, ஏசி எல்லாம் 28-லிருந்து 18-க்கு இறங்கின. போனும் குறையும் என்று நிறையப் பேர் காத்திருந்தார்கள். குறையவில்லை. வங்கிக் கணக்கு, ரேஷன், வேலை, படிப்பு எல்லாவற்றையும் போனுக்குள் கொண்டுவந்த பிறகு, அந்த போனுக்கு டிவி, ஏசிக்குப் போடும் அதே வரியைப் போடுவது எந்த வகையில் சரி என்ற கேள்விக்கு இதுவரை பதில் இல்லை. ஒன்றரை லட்ச ரூபாய் போனுக்கு விட்டுவிடலாம். பத்தாயிரம் ரூபாய் போன் வாங்குபவரும் அதே 18 சதவீதத்தைத்தான் கட்டுகிறார்.

‘ஃப்ரீ’ போனின் கதை

இரண்டாவது கேள்விக்கு 2008-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 22-ல் ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தது, ஏர்டெல் மற்றும் வோடஃபோன் வழியாக. 8 ஜிபி மாடல் 31,000 ரூபாய். அதே போன் அமெரிக்காவில் 199 டாலர், அன்றைய மதிப்பில் எட்டாயிரத்துச் சொச்சம். நாடே கொதித்தது. நான்கு மடங்கு விலையா என்று.

199 டாலருக்குப் பின்னால் ஏடி அண்ட் டி-யோடு இரண்டு வருட ஒப்பந்தம் இருந்தது. கால், டேட்டா சேர்த்து குறைந்தது மாதம் 70 டாலர். 24 மாதத்துக்கு 1,680. போன் விலையையும் கூட்டினால் 1,879 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 80,000 ரூபாய். நடுவில் விட்டுப் போனால் அபராதம். ‘31,000 அநியாயம்’ என்று இங்கே சொன்னவர்கள் யாரும் அந்த 70 டாலரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்றைக்கும் அங்கே ‘ஃப்ரீ ஐபோன்’ விளம்பரம் ஓடுகிறது. இப்போது அதன் வடிவம் வேறு. போனின் முழு விலையையும் உங்கள் பெயரில் தவணையாகப் போட்டு, மாதாமாதம் அதே தொகையைப் பில்லில் கழித்துக்கொண்டே வருவார்கள். வெரிசான், ஏடி அண்ட் டி-யில் 36 மாதம் வரை. விலை கூடிய பிளான் எடுக்க வேண்டும், பெரும்பாலும் பழைய போனையும் கொடுக்க வேண்டும். 15-வது மாதம் வேறு கம்பெனிக்கு மாறினால் கழிவு நின்றுவிடும், மீதித் தொகையை நீங்களே கட்ட வேண்டும். மூன்று வருடம் அசைய முடியாது.

இந்தியாவில் இதை யாரும் முயலவில்லை என்று இல்லை. 2003 மழைக்காலத்தில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் ‘மான்சூன் ஹங்காமா’ என்று 501 ரூபாயில் கையில் போனைக் கொடுத்தது, மீதியை மாதாமாதம் கட்டலாம் என்று. சனம் அலைமோதியது. பிறகு நிறையப் பேர் கட்டவில்லை. பெரிய தொகை வராக்கடனாகப் போனது. போனைக் கொடுத்துவிட்டு ஆளைத் தேடும் வேலை நமக்கு வேண்டாம் என்ற பாடத்தை மொத்தத் துறையும் அன்று கற்றுக்கொண்டது. அதோடு இங்கே இணைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ப்ரீபெய்டு. 2011 ஜனவரியிலிருந்து எண்ணை மாற்றாமலே நாடு முழுக்க நெட்வொர்க் மாறும் வசதி வேறு வந்துவிட்டது. ஓர் எஸ்எம்எஸ் போட்டு ஓடிப்போகக்கூடிய வாடிக்கையாளரை நம்பி எந்த ஆபரேட்டர் 40,000 ரூபாயை முதலில் இறக்குவார்?

அதன் பிறகு வந்தவை எல்லாம் அரைகுறை ஒப்பந்தங்கள். 2017-ல் ஏர்டெல், ஐபோன் 7-ஐ 7,777 ரூபாய் முன்பணத்தில் தந்தது; பிறகு 24 மாதம் தலா 2,499, போஸ்ட்பெய்டு பிளான் உட்பட. கூட்டினால் 67,753. அதே வருடம் ஜியோபோன் ‘இலவசம்’ என்று வந்தது: 1,500 ரூபாய் டெபாசிட், மூன்று வருடம் கழித்துத் திரும்பக் கிடைக்கும், ஆனால் வருடத்துக்குக் குறைந்தது இவ்வளவு ரீசார்ஜ் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. 2021 நவம்பரில் ஜியோபோன் நெக்ஸ்ட். ரொக்கமாக வாங்கினால் 6,499. தவணையில் என்றால் 1,999 முன்பணம், மாதம் 300 ரூபாய் வீதம் 24 மாதம், டேட்டாவும் சேர்த்து; அதோடு பிராசஸிங் கட்டணம் 501 ரூபாய். மொத்தம் 9,700. (2003-ல் 501 ரூபாய்க்குப் போனே கிடைத்தது. 2021-ல் அந்தப் பணம் விண்ணப்பத்தைப் பார்க்க மட்டும்.)

ஆக, ஆபரேட்டரோடு ஒப்பந்தம் இங்கே வேரூன்றவே இல்லை. அந்த விதத்தில் நாம் அதிர்ஷ்டசாலிகள்தான். கடையில் வாங்கும் போன் எந்த சிம்மையும் ஏற்கும். பிரிட்டனில்கூட நெட்வொர்க் நிறுவனங்கள் லாக் செய்த போனை விற்கக் கூடாது என்ற விதி 2021 டிசம்பரில்தான் அமலுக்கு வந்தது.

ஆனால் ஒப்பந்தமே இல்லாமல் போன் வாங்குகிறோமா என்றால், அதுவும் இல்லை. ஒப்பந்தம் ஆபரேட்டரிடமிருந்து வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது?

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்ற சொல்லில் ஏதோ இடிக்கிறது என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது: பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டி பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமாக உருமாறி வாடிக்கையாளர் தலையிலேயே விழுகிறது என்று. அதற்குப் பிறகு ‘ஜீரோ’ என்ற சொல் குறைந்து ‘நோ காஸ்ட்’ என்ற சொல் வந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை 82,900 ரூபாய் போனை வைத்தே பார்க்கலாம். ஆறு மாத நோ காஸ்ட் இஎம்ஐ. மாதத் தவணை 13,817. ஆறால் பெருக்கினால் கிட்டத்தட்ட அதே 82,900-தான். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது.

வங்கி இதற்கு வட்டி போடாமல் இல்லை. ஆண்டுக்கு 16% என்று வைத்துக்கொள்வோம். மாதம் 13,817 கட்டினால் ஆறு மாதத்தில் அடையக்கூடிய கடன் 79,165 ரூபாய்தான். மீதி 3,735 ரூபாய் வட்டி. அந்த வட்டித் தொகையைப் போன் நிறுவனமோ விற்பனைத் தளமோ ‘தள்ளுபடி’யாகக் கழித்துவிட்டு, வங்கி அதே தொகையை வட்டியாக வசூலிக்கிறது. ஒரு கை கொடுக்க, மறு கை எடுக்க, உங்கள் கண்ணுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது.

இரண்டு இடத்தில் கணக்கு கசியும். கிரெடிட் கார்டு வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. சாதாரணக் கடன் வட்டிக்கு இல்லாத வரி இது. 3,735-க்கு 672 ரூபாய். தள்ளுபடி வட்டியோடு நின்றுவிடும், இந்த வரியைச் சுமக்காது. அடுத்து பிராசஸிங் கட்டணம், 199 ரூபாய் என்றால் வரியோடு 235. இரண்டும் சேர்த்து 907 ரூபாய். ‘நோ காஸ்ட்’டின் காஸ்ட் இது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் இல்லை என்று சொல்லிவிட்டு வாங்கும் தொகை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இஎம்ஐ எடுப்பவருக்காக அந்தப் போனின் விலையை 79,165-க்கு இறக்க நிறுவனம் தயாராக இருக்கிறது. அப்படியானால் முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டுபவருக்கு ஏன் 82,900? கட்டுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கடையில் கேட்டுப் பாருங்கள். சில சமயம் ‘கார்டு ஸ்வைப்புக்கும் அதே ஆஃபர் இருக்கு சார்’ என்று பதில் வரும். கேட்காதவருக்கு வராது.

கார்டு நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் தந்த விதிமுறைகளில் இதற்கான இடம் உண்டு. ஒரு செலவை இஎம்ஐ ஆக்கும் முன் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, நோ காஸ்ட் ஆக்குவதற்காகத் தரப்படும் தள்ளுபடி எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். மாதாந்திர ஸ்டேட்மென்ட்டிலும் தனியாகக் காட்ட வேண்டும். வட்டி உள்ள இஎம்ஐயை வட்டியில்லாதது போல மறைத்துக் காட்டக் கூடாது. விதி தெளிவாகவே இருக்கிறது. ஆன்லைனில் வாங்கும்போது, பணம் கட்டும் பக்கத்தில் சின்ன அம்புக்குறியைத் தொட்டால் இந்த விவரம் விரிவதும் உண்மை. கடை கவுன்டரில், பின்னால் இருபது பேர் நிற்க, பிஓஎஸ் மெஷினில் பின் நம்பர் போடும்போது இதை யார் விரித்துக் காட்டுகிறார்கள்? சார்ஜ் ஸ்லிப்பில் பொடி எழுத்தில் வரும், அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்துவிடுவோம்.

பாதியில் கடனை அடைக்க நினைத்தாலும் பல கார்டுகளில் முன்கூட்டி முடிக்கும் கட்டணம் உண்டு. போன் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தால் பிராசஸிங் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. 82,900 ரூபாய் கார்டு லிமிட்டில் அடைபட்டிருப்பது, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி பில் கட்டப் போகும்போதுதான் உறைக்கும்.

கடையில் ஒரு மேஜை, ஒரு கடன்

கிரெடிட் கார்டு இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி, ஷோரூம் மூலையில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருக்கும் நிதி நிறுவன ஊழியர். ஆதார், பான், ஒரு செல்ஃபி, மூன்று ஓடிபி. பத்து நிமிடத்தில் கடன் ரெடி. இதில் எந்த ஓடிபி கடனுக்கு, எது வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதிக்கு, எது கூடவே ஒட்டிக்கொண்டு வரும் இன்ஷூரன்ஸுக்கு என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. முதல் வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் நல்ல போன் வாங்க வரும் 23 வயதுக்காரருக்கு வாழ்க்கையின் முதல் கடனே இதுவாகத்தான் இருக்கும்.

2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு ‘முக்கிய விவரத் தாள்’ கட்டாயம். எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த உண்மையான ஆண்டுச் செலவு சதவீதம் அதில் இருக்க வேண்டும். நிதி நிறுவனக் கடனில் போன் எடுத்தால் இதைக் கேட்டு வாங்க முடியும். டிஜிட்டல் கடன் என்றால், குறைந்தது ஒரு நாள் மனம் மாற அவகாசமும் உண்டு. அசலையும் அதுவரைக்குமான செலவையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். கிரெடிட் கார்டு நிலுவைகளுக்கு மட்டும் அந்த விவரத் தாள் விதியில் விலக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரே கடை, ஒரே போன், ஒரே தவணை. ஒருவருக்குத் தாள் உண்டு, பக்கத்தில் நிற்பவருக்கு இல்லை. இந்த விலக்கை நீக்க வேண்டும்.

தவணை தவறினால் என்ன ஆகும்? வங்கி தரப்பில் பவுன்ஸ் கட்டணம், தாமதக் கட்டணம். அதோடு 2025 ஜனவரி முதல் கடன் தகவல் நிறுவனங்களுக்கு விவரங்கள் 15 நாளுக்கு ஒருமுறை போக வேண்டும் என்ற விதி வந்துவிட்டதால், சறுக்கல் சீக்கிரமே சிபில் அறிக்கையில் ஏறிவிடும். மூன்று வருடம் கழித்து வீட்டுக் கடனுக்கு உட்காரும்போது, என்றைக்கோ விட்டுப்போன 2,000 ரூபாய் போன் தவணையைப் பற்றி வங்கி மேனேஜர் கேட்பார்.

இவ்வளவும் பழைய ஆயுதங்கள். புதிதாக ஒன்று வாசலில் நிற்கிறது. கடன் கட்டாதவரின் போனைத் தூரத்திலிருந்தே லாக் செய்ய நிதி நிறுவனங்களை அனுமதிக்கலாமா என்று ரிசர்வ் வங்கி யோசிப்பதாக 2025 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அக்டோபர் 1-ல் பத்திரிகையாளர்கள் கேட்டபோது, சாதக பாதகங்கள் பரிசீலனையில் இருப்பதாகத் துணை ஆளுநர் ராஜேஷ்வர் ராவ் சொன்னார்.

கடன் கொடுப்பவர் தரப்பில் ஒரு வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. சின்னக் கடன், அடமானம் இல்லை, வசூலிக்க ஆள் அனுப்பினால் கடனைவிடச் செலவு அதிகம். போனை லாக் செய்ய முடிந்தால் சிபில் ஸ்கோரே இல்லாதவருக்கும் தைரியமாகக் கடன் தரலாம், வட்டியும் குறையலாம். வீட்டுக்கு வந்து அக்கம்பக்கம் பார்க்கக் கத்தும் வசூல் ஆளைவிட ஒரு லாக் ஸ்கிரீன் மேல் என்று நினைக்கும் கடன்காரர்களும் இருப்பார்கள்.

ஆனால் போன் என்பது டிவி இல்லை. டெலிவரி வேலை பார்ப்பவரின் போனை லாக் செய்தால் அன்றைய வேலை போச்சு. யுபிஐ போச்சு, வங்கி ஓடிபி போச்சு; பாக்கித் தவணையைக் கட்டும் வழியும் அதே போனுக்குள்தான் இருக்கிறது. கடையைப் பூட்டி சாவியை எடுத்துக்கொண்டு, வியாபாரம் செய்து கடனை அடை என்று சொல்வது மாதிரி. அனுமதிப்பதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை தவணை தவறிய பிறகு, அவசர அழைப்பும் பணம் கட்டும் வழியும் திறந்திருக்குமா, போனுக்குள் இருக்கும் படங்களையும் தகவல்களையும் யாரும் தொட முடியாது என்பதற்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் வந்த பிறகே அனுமதிக்க வேண்டும். கடன் வாங்கும்போது பத்து நிமிடத்தில் மூன்று ஓடிபி வாங்கும் நடைமுறையை வைத்துக்கொண்டு, ‘வாடிக்கையாளர் சம்மதித்திருக்கிறார்’ என்று சொல்வதை ஏற்க முடியாது.

ஸ்டாக் இல்லை, ஆனால் கவர் வாங்கினால் இருக்கிறது

கிடைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. புது போன் வந்த முதல் இரண்டு வாரத்தில் எந்த ஊரிலும் கேட்கும் வசனம், ‘ஸ்டாக் இல்லை’. சில கடைகளில் அதற்கு ஒரு பின்குறிப்பு உண்டு: சார்ஜர், கவர், ஸ்கிரீன் கார்டு, ஒரு வருட பாதுகாப்புத் திட்டம் எல்லாம் சேர்த்து எடுத்தால் ‘ஒரு பீஸ் இருக்கு’. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒரு பொருளை விற்க இன்னொரு பொருளை வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவது கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்ற வரையறைக்குள் வருகிறது. வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. தெரிந்தாலும், ஆசையாக வந்தவர் 1,500 ரூபாய்க்குச் சண்டை போட மாட்டார் என்பது கடைக்குத் தெரியும்.

ஆன்லைனில் இதே வித்தை வேறு உடையில் வருகிறது. கேட்காமலே கூடையில் ஏறியிருக்கும் இன்ஷூரன்ஸ், கடைசிப் பக்கத்தில் முளைக்கும் கட்டணம், ‘இன்னும் 2 மட்டுமே’ என்ற பொய் அவசரம். 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளில் இந்த மூன்றுமே இருக்கின்றன. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1915-க்கு அழைக்கலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

‘அண்ணன் அமெரிக்கால இருந்து வர்றப்ப எடுத்துட்டு வரச் சொல்லிடலாம்’ என்பது இதற்கெல்லாம் பல குடும்பங்களில் இருக்கும் மாற்று வழி. மேலே போட்ட கணக்குப்படி சாதா மாடலில் மிச்சமாவது பெரும்பாலும் வரி வித்தியாசம்தான்; ப்ரோவில் மிச்சம் அதிகம். இரண்டை மட்டும் பார்க்க வேண்டும். அங்கே தவணையில் எடுத்த போன் என்றால் முழுத் தொகையும் கட்டி முடியும் வரை நெட்வொர்க் லாக் இருக்கலாம், இங்கே நம் சிம் வேலை செய்யாது. ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும். ஜியோ, ஏர்டெல், விஐ மூன்றிலும் இ-சிம் உண்டு; பிஎஸ்என்எல் தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்டில்தான் தொடங்கியது. போனை மாற்றும் அவசரத்தில் சிம்மைக் கழற்றி அப்பாவின் பழைய போனில் போடும் வழக்கமெல்லாம் அதில் நடக்காது.

காத்திருந்து வாங்குபவர்களின் கதை வேறு. ஐபோன் 16, 2024 செப்டம்பரில் 79,900 ரூபாய்க்கு வந்தது. சரியாக ஒரு வருடத்தில், 17 வந்ததும், அதன் விலை 69,900 ஆனது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஃபிளிப்கார்ட்டின் பண்டிகை விற்பனையில் 51,999 என்று விளம்பரமானது. முதல் நாளே 24 மாதத் தவணையில் அதை வாங்கியவர், வட்டியைச் சேர்க்காமலே மாதம் 3,329 ரூபாய் கட்டிவருகிறார். பண்டிகை விற்பனை தொடங்கிய அன்றைக்கு அவருக்கு இன்னும் 12 தவணை பாக்கி, 39,950 ரூபாய்.